ஊரைச் சேர்த்தால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு? கடையத்திலிருந்து ஒரு கணக்கு

வெளியூர்ல கடையம்னு சொன்னா பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும், "பாரதியார் மனைவி செல்லம்மா ஊரா?" ஆமா, அதே ஊர்தான். ஆனால் உள்ளூரில் இருக்கிறவனுக்குக் கடையம் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ரயில் நிலையத்துப் பலகையில் கீழக்கடையம் என்று இருக்கும். உள்ளாட்சிக் கணக்கில் கீழக்கடையம், தெற்குக் கடையம், கடையம் பெரும்பத்து என்று தனித்தனி ஊராட்சிகள் வரும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறவருக்கு எல்லாம் ஒரே கடையம்தான். பக்கத்திலிருக்கும் ஆழ்வார்குறிச்சி பேரூராட்சி. நாங்கள் இன்னும் கிராம ஊராட்சி. ஒன்றியத்தின் தலைமையிடமே எங்கள் ஊர்தான், இருந்தாலும் நகரம் என்ற பெயர் கிடையாது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் டீக்கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு. "நம்ம ஊரையும் ஒண்ணாச் சேத்து பேரூராட்சி ஆக்கிட்டா என்ன?" என்று ஒருத்தர் கேட்டார். பஜார்ல கடை வச்சிருக்கிற அண்ணாச்சி உடனே, "ஆகட்டும் தம்பி, வாறுகாலாவது ஒழுங்கா கட்டுவான்" என்றார். இன்னொருத்தர், "வரி கூடுமா கூடாதா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதே கேள்வியை அத்தையிடம் சொன்னேன். அத்தை நூறு நாள் வேலைக்குப் போகிறவள். "எய்யா, டவுனு ஆயிட்டா அட்டை செல்லாதுல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பேரும் மூன்று கணக்குப் போட்டார்கள். ஒரு நகரம் பக்கத்து நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போது வரவு செலவை எப்படிப் பார்க்கிறார்கள், அந்தக் கணக்கில் யாருடைய காசு வருகிறது, யாருடையது வருவதில்லை என்று தேட ஆரம்பித்தது அப்படித்தான். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வரவுப் பக்கம்

ஒரு ஊராட்சிக்கு எங்கிருந்தெல்லாம் காசு வருகிறது? வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம். நிலம் கைமாறினால் பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வையோடு வாங்கும் மேல்வரியிலிருந்து ஒரு பங்கு. இவை உள்ளூர் வருமானம். இதைவிட முக்கியமானது மேலேயிருந்து வருவது. மாநில நிதிக்குழு சொல்கிறபடி மாநில அரசின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு என்று ஒரு பங்கு, மத்திய நிதிக்குழு மானியம், அப்புறம் திட்டங்கள்.

இந்த மேலிருந்து வரும் பணம் முழுக்க இரண்டு குழாயில் வருகிறது. ஒன்று ஊரகக் குழாய், மற்றது நகரக் குழாய். நூறு நாள் வேலை ஊரகத்துக்கு மட்டும். வீடு கட்டும் திட்டத்தில் ஊரகத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. குடிநீரில் ஊரகத்துக்கு ஜல் ஜீவன், நகரத்துக்கு அம்ருத். ஆக, ஒரு ஊராட்சியை நகரத்தோடு சேர்ப்பது என்றால் எல்லைக் கல்லை நகர்த்துவது மட்டும் இல்லை, ஒரு குழாயைக் கழற்றி இன்னொரு குழாயில் மாட்டுவது. எதில் தண்ணீர் அதிகம் வருகிறது என்பதுதான் பாதிக் கேள்வி.

சென்னை, 1688

நகரசபை என்பதே நம் நாட்டில் வரிக் கணக்கோடுதான் பிறந்தது. சென்னை மாநகராட்சிக்கு ஆதாரமான சாசனம் 1687 டிசம்பர் 30ல் எழுதப்பட்டது, மாநகராட்சி தொடங்கியது 1688 செப்டம்பர் 29ல். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியை லண்டனில் இருந்து நடத்தியவர் ஜோசையா சைல்டு. கோட்டைக்கும் ஊருக்கும் ஆகிற செலவை ஊர்க்காரர்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. கம்பெனி நேரடியாக வரி கேட்டால் தகராறு வருகிறது, மக்கள் தங்கள் சபை என்று நினைக்கும் ஒன்று கேட்டால் கூடவே கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டார். நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வரியில் கட்டலாம் என்று திட்டம். ஊர்க்காரர்கள் அவ்வளவு சுலபமாக மசியவில்லை, வரி வசூல் நினைத்தபடி நடக்கவில்லை.

அடுத்த அறுபது வருஷத்தில் சுற்றியுள்ள கிராமங்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனி கைக்கு வந்தன. 1693ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள். 1742ல் வேப்பேரி, பெரம்பூர் முதலியன. 1749ல் சாந்தோமும் மயிலாப்பூரும். கிராமம் ஒன்றைச் சேர்த்தால் அதன் குத்தகைப் பணமும் கூடவே சேரும். சாக்கடை, தெருவிளக்கு என்று பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டிய காலம் அது இல்லை. வரவு மட்டும் உள்ள கணக்கு.

நெல்லை: பாலம் 1843, இணைப்பு 1994

எங்கள் பக்கத்துக்கு வருவோம். மதராஸ் மாகாணத்தில் 1865ல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பெயர்தான் மேம்பாடு. அந்தந்த நகரத்துப் போலீஸ் செலவில் பெரும்பகுதியை அந்த நகரத்தின் தலையிலேயே கட்டியது அந்தச் சட்டம். 1857க்குப் பிறகு கஜானா காலியாக இருந்த சமயம். இந்தச் சட்டத்தின் கீழ் 1866ல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. போலீஸ் செலவு 1871 சட்டத்தில்தான் நகராட்சிகள் தலையிலிருந்து இறங்கியது.

இரண்டு ஊருக்கும் நடுவில் தாமிரபரணி. ஆற்றின் மேல் பாலம் 1843லேயே வந்துவிட்டது. சுலோசன முதலியார் சொந்தக் காசு போட்டுக் கட்டிய பாலம், இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மக்கள் அன்றிலிருந்து இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய் வேலை பார்த்தார்கள், படித்தார்கள், சந்தைக்குப் போனார்கள். ஆனால் நகராட்சிகள் இரண்டும் 128 வருஷம் தனித்தனியாகவே இருந்தன. 1994ல்தான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின.

இதில் நான் கவனித்தது இதுதான். ஊர் ஒன்றாவதற்குப் பாலம் போதும், கணக்குப் புத்தகம் ஒன்றாவதற்கு அது போதவில்லை. அந்தக் கணக்கு ஒன்றான பிறகும் வசதி ஒன்றாவதற்கு இன்னும் நாளாகும். இணைப்பு நடந்து கால் நூற்றாண்டு கழித்தும் நெல்லை மாநகராட்சியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் அடுத்தடுத்த கட்டங்கள் நடந்துகொண்டேதான் இருந்தன. மாநகராட்சி என்ற பலகை ஒரு நாளில் மாட்டிவிடலாம். குழாய் பதிக்க ஒரு தலைமுறை.

2004: தலைகீழாக நடந்த கதை

இந்தக் கதை பலருக்கு ஞாபகம் இருக்காது. 2004ல் தமிழ்நாடு அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே அடியாக "சிறப்புக் கிராம ஊராட்சி" என்று மாற்றியது. மாநிலத்தில் அப்போதிருந்த பேரூராட்சிகளில் பெரும்பாலானவை இதில் வந்துவிட்டன. இரவு படுக்கும்போது டவுன்காரனாக இருந்தவன் காலையில் கிராமத்துக்காரனாக எழுந்தான்.

ஏன்? ஊரக வளர்ச்சிக்கென்று வரும் நிதி இந்த ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். பேரூராட்சி என்ற பெயர் இருக்கிற வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. அந்தத் தெருவில் ஒரு வீடுகூட மாறவில்லை, ஒரு கடைகூட மூடவில்லை. பெயர் மட்டும் மாறியது, குழாய் மாறியது. 2006ல் ஆட்சி மாறியதும் அவை எல்லாம் திரும்பப் பேரூராட்சிகள் ஆயின.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். இந்த மூன்றும் இருந்தால் கணக்கெடுப்புத் துறை அதை நகரம் என்று எழுதிக்கொள்ளும். ஆனால் உள்ளாட்சியில் அது நகரமா கிராமமா என்பதை மாநில அரசு தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தில் நிதிக் கணக்கு எவ்வளவு பெரிய இடத்தைப் பிடிக்கிறது என்பதற்கு 2004ஐ விட நல்ல சாட்சி வேண்டாம்.

சென்னை, 2011: செலவுப் பக்கம்

இப்போது செலவு. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒரே வீச்சில் சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், மொத்தம் 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. இவற்றில் எல்லாம் ஏழை ஊர்கள் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி, துரைப்பாக்கம் மாதிரி ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்கும் இடங்களும் அதில் இருந்தன. ஒரு ஐடி கட்டடம் தரும் வரி எத்தனை ஓட்டு வீட்டின் வரிக்குச் சமம் என்று யோசித்தால் வரவுப் பக்கம் ஏன் இனித்தது என்று புரியும்.

செலவு மெதுவாக வந்தது. பத்து வருஷம் தாண்டியும் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்தது. மழைநீர் வடிகாலுக்கு வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டி வந்தது. வடக்கே கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல் 25 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது. தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. 2022ல் சொத்து வரியை உயர்த்தியபோது பழைய சென்னைக்கு 50 முதல் 150 சதவீதம் வரை, 2011ல் சேர்ந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை என்று இரண்டு விதமாக வைத்தார்கள். பதினொரு வருஷம் ஆன பிறகும் ஒரே மாநகராட்சிக்குள் இரண்டு விகிதம். வசதி சமமாகவில்லை என்பதை அந்த விகிதமே ஒப்புக்கொள்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

இரண்டு விதக் கணக்கு

இந்த மாதிரி வரவு செலவைப் போட்டுப் பார்ப்பதற்கு அமெரிக்காவில் ஒரு துறையே இருக்கிறது. ராபர்ட் பர்ச்செல், டேவிட் லிஸ்டோகின் என்ற இருவர் 1978ல் இதற்கென்று ஒரு கையேடு எழுதினார்கள், திட்டமிடுபவர்கள் அதை ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் உள்ள முறைகளைச் சுருக்கினால் இரண்டு வகை: சராசரிச் செலவு, கூடுதல் செலவு.

ஒரு கற்பனை நகராட்சியை வைத்துப் பார்ப்போம். 50,000 பேர் இருக்கிறார்கள். வருஷத்துக்கு 10 கோடி செலவு. தலைக்கு 2,000 ரூபாய். பக்கத்து ஊராட்சியில் 5,000 பேர். சராசரி முறைப்படி அவர்களுக்கு 1 கோடி செலவாகும். அந்த ஊரிலிருந்து வரியும் மானியமும் 1 கோடியே 20 லட்சம் வரும் என்றால் வருஷம் 20 லட்சம் லாபம். கோப்பில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கூடுதல் செலவு முறையில் கேட்கிற கேள்வி வேறு. இப்போது இருக்கும் மேல்நிலைத் தொட்டியில் இன்னும் 5,000 பேருக்குத் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் குழாய் நீட்டினால் போதும், சராசரியைவிடக் குறைவாகவே ஆகும். இல்லையென்றால் புதுத் தொட்டி, புதுக் கிணறு, மோட்டார், குழாய் என்று 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 லட்சத்தில் இதை அடைக்க 15 வருஷம். அதற்குள் குழாய் பழுதாகும். ஒரே ஊர், ஒரே மக்கள். கேட்கிற கேள்வியை மாற்றினால் லாபம் நஷ்டமாகிறது.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எங்களுக்குக் குற்றாலமே போதும். குற்றாலம் பேரூராட்சியில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். சாரல் விழும் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வந்து போகிறவர்கள் லட்சக்கணக்கில். குப்பையும் கழிப்பறையும் தண்ணீரும் அந்தக் கூட்டத்துக்காகச் செய்ய வேண்டும். வருமானமும் சீசன் கடை ஏலம், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று அந்தக் கூட்டத்திடமிருந்துதான். குடியிருப்பவர் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் வரவு செலவு இரண்டுமே அர்த்தமில்லாத எண்ணாக வரும். பழைய குற்றாலம் அருவியோ ஆயிரப்பேரி ஊராட்சியில் வருகிறது. அருவி ஒன்று ஒரு உள்ளாட்சி எல்லைக்குள் விழுகிறதா, தள்ளி விழுகிறதா என்பதில் ஒரு ஊராட்சியின் வருஷ வருமானமே அடங்கியிருக்கிறது. அதனால்தான் அருவி யார் பொறுப்பில் இருக்கணும் என்ற பேச்சு வந்தாலே அங்கே ஊர் கூடிவிடுகிறது.

ஹூஸ்டனில் ஒரு ஊர்

இந்த வம்பு நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரம் 1996 கடைசியில் கிங்வுட் என்ற வசதியான புறநகரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். எங்கள் வரிக்காகத்தான் எங்களைச் சேர்க்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நகரத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் ரோட்டில் வந்து எங்கள் ஊரில் சம்பாதித்துவிட்டு வரி மட்டும் வெளியே என்றால் எப்படி என்று அது கேட்டது.

இணைப்பு நிற்கவில்லை. ஆனால் 1999ல் டெக்சஸ் சட்டத்தை மாற்றியது. பெரும்பாலான இணைப்புகளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே திட்டம் போட்டு அறிவிக்க வேண்டும், என்ன வசதி எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. 2019ல் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே இருப்பவர்கள் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது 1999 ஏற்பாடுதான். வரவு என்னவென்று நகரத்துக்குத் தெரியும். செலவு என்ன, எந்த வருஷம் என்று எழுதிக் கையில் கொடு, அப்புறம் பேசலாம் என்கிறது அது.

2025 ஜனவரி

இப்போது நம் ஊருக்குத் திரும்பலாம். 2025 புத்தாண்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு பெரிய பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகள். 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகளும் ஒரு பேரூராட்சியும். இதுபோகப் புதிதாக 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள். பல மாவட்டங்களில் கிராம மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார்கள். மனுக்களில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு: வரி கூடும், நூறு நாள் வேலை போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது. பட்டியல் வந்த அதே வாரம். ஊருக்காகப் பேச வேண்டிய தலைவர் நாற்காலி காலியாகும் நேரத்தில் ஊரின் எல்லை பற்றிய முடிவு வருகிறது. தென்காசி மாவட்டத்தில் அப்படி இல்லை. நாங்கள் 2019 நவம்பரில் பிரிந்த புது மாவட்டம், எங்களுக்கும் நெல்லை முதலான மற்ற எட்டு மாவட்டங்களுக்கும் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்த வகையில் எங்கள் பக்கம் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆள் இருந்தார்.

அத்தையின் கணக்கு

அத்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2025-26க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால் 33,600. முழுசாக யாருக்கும் கிடைப்பதில்லை, பாதி என்று வைப்போம், 16,800. ஒரு ஊராட்சியில் 500 குடும்பம் இந்த வேலைக்குப் போகிறது என்று கொண்டால் வருஷத்துக்கு 84 லட்சம். மேலே சொன்ன கற்பனை ஊரில் 2,000 வீடு இருந்து, வீட்டுக்கு 1,000 ரூபாய் வரி கூடினால் இன்னொரு 20 லட்சம். ஆக ஊர்க்காரர்கள் கையிலிருந்து 1 கோடியே 4 லட்சம் போகிறது.

நகராட்சியின் புத்தகத்தில் இதில் எவ்வளவு தெரியும்? வரியாக வரும் அந்த 20 லட்சம் மட்டும். 84 லட்சம் எந்த உள்ளாட்சியின் புத்தகத்திலும் இருக்காது. அந்தக் கூலி ஊராட்சியின் கஜானா வழியாக வருவதில்லை, நேரே அத்தையின் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஊராட்சிக்கு அது வரவு இல்லை, அதனால் நகராட்சிக்கு அது இழப்பும் இல்லை. இணைப்புக்கு முன் எவ்வளவு நேர்மையாக வரவு செலவு போட்டாலும் இந்த வரி அதில் விழாது. ஊரிலேயே பெரிய தொகை, கோப்பில் இல்லவே இல்லை.

அண்ணாச்சி சொன்னதையும் தள்ள முடியாது. மழை பெய்தால் வாறுகால் தண்ணீர் அவர் கடைப்படி ஏறுகிறது. நாலு ஊராட்சி எல்லை ஒரே பஜாரில் முட்டும்போது வாறுகாலைத் தொடங்குகிற இடம் ஒருத்தருடையது, முடிகிற இடம் இன்னொருத்தருடையது. யாரும் முழுசாகக் கட்ட மாட்டார்கள். ஒரே உள்ளாட்சி இருந்தால் இதற்குத் தீர்வு உண்டு. தெருவிளக்கு, தினசரிக் குப்பை வண்டி, கட்டட அனுமதியில் ஒழுங்கு, இவை எல்லாம் உண்மையான லாபங்கள். கொஞ்சம் வரி கூடினாலும் பரவாயில்லை என்று நானே சொல்லிவிடுவேன். ஏனென்றால் என் வீட்டில் நூறு நாள் கூலியை நம்பி அரிசி வாங்குவதில்லை. அத்தை வீட்டில் வாங்குகிறார்கள்.

வாறுகாலின் பலன் பஜாருக்கு, வேலை போகிற நஷ்டம் அத்தை தெருவுக்கு. இரண்டையும் கூட்டிக் கழித்து "ஊருக்கு லாபம்" என்று ஒரு வரியில் எழுதுவதுதான் தப்பு. நகர்ப்புறத்துக்கும் வேலைத் திட்டம் ஒன்றை மாநில அரசு 2022ல் தேர்ந்தெடுத்த சில இடங்களில் சோதனையாக ஆரம்பித்தது. அது எல்லா ஊருக்கும் உறுதியாக இருக்கும் என்றால் அத்தையின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். இல்லாதவரை அவள் பயம் நியாயமானது.

பேரூராட்சியோ இணைப்போ, இந்தப் பேச்சு எங்கள் ஊருக்கு எப்படியும் ஒரு நாள் வரும். வந்தால் கிராம சபையில் மூன்று விஷயம் கேட்கணும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, எந்த வசதி எந்த வருஷம் வரும், அதற்குப் பணம் எங்கிருந்து. இரண்டு, அதுவரைக்கும் வரி பழைய விகிதத்திலேயே இருக்குமா. மூன்று, உள்ளாட்சிப் புத்தகத்தில் வராமல் வீடுகளுக்கு நேரே வருகிற காசு எவ்வளவு, அது நின்றால் பதிலுக்கு என்ன. முதல் இரண்டையும் அதிகாரிகளே தயாராக வைத்திருக்கலாம். மூன்றாவதை நாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு. எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டேன். முதல் பெயர் அத்தையுடையது, போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது 41 நாள்.